எல்லாத் தோளுக்கும் ஒரே கப்பியா?

தோள்பட்டை வலி என்று நம்ம பக்கம், புதுச்சேரியோ கடலூரோ, பிசியோதெரபிக்குப் போகிறவர்களுக்குப் பல இடங்களில் கிடைப்பது ஒரே வகைச் சிகிச்சைதான். பத்து நாளைக்குக் ‘கரண்ட்’ வைப்பார்கள். கதவில் மாட்டிய கயிறும் கப்பியும் இருக்கும். சுவரில் விரலால் ஏறும் ஏணி, சுற்றுகிற சக்கரம், கடைசியில் கையைப் பிடித்து ஒரு இழுப்பு. இதே சிகிச்சை ஒருவருக்கு உதவும், அடுத்தவருக்கு வீண், மூன்றாமவருக்குக் கெடுதல். காரணம், ‘தோள்பட்டை வலி’ என்ற ஒரே பெயருக்குக் கீழே முற்றிலும் வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு இழுக்கவே கூடாது, இன்னொன்றுக்கு ஓய்வே கூடாது.

நோயாளி சொல்லும் புகாரை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை, பின்பாக்கெட்டில் பர்ஸ் எடுக்க முடியவில்லை, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போச்சு: எல்லாக் கோளாறிலும் இதேதான். பிரித்துக் காட்டுவது ஒரு சின்னச் சோதனை. மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரிக்கு மடக்கி, முன்கையை வெளிப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். நல்ல தோளில் பலருக்கு 60 டிகிரி அளவுக்காவது சாயும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அவரவருடைய மறு கையோடு ஒப்பிடுவதே சரி.

அவராகவும் சாய்க்க முடியவில்லை, வேறொருவர் பிடித்து மெதுவாகச் சாய்த்தாலும் ஒரு இடத்தில் முட்டி நிற்கிறது என்றால் பெரும்பாலும் மூட்டை மூடியிருக்கும் உறை இறுகியிருக்கிறது. இதுதான் ஃப்ரோசன் ஷோல்டர். உட்காரவைத்து வேறொருவர் சாய்த்தால் தாராளமாகப் போகிறது, விட்டதும் அந்த நிலையில் தாங்க முடியாமல் கை திரும்பி வந்துவிடுகிறது என்றால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிந்திருக்கலாம். இரண்டும் முடிகிறது, ஆனால் பாரம் கொடுத்தாலும் பக்கவாட்டில் கை தூக்கினாலும் வலிக்கிறது என்றால் ரொட்டேட்டர் கஃப் எனப்படும் தோள் தசைகளின் தசைநாண் நொந்திருக்கிறது. வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கி மரத்துப் போனால் முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

முட்டி நிற்கும் தோளுக்கு எக்ஸ்ரே எடுக்காமல் பயிற்சி தொடங்கக் கூடாது. மூட்டுத் தேய்மானத்திலும் இப்படித்தான் நிற்கும். வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் தோள் மூட்டு நழுவிப் பின்பக்கமாக இறங்கி மாட்டிக்கொள்வது உண்டு. நேராக எடுத்த படத்தில் அது கிட்டத்தட்ட இயல்பாகவே தெரியும். அக்குள் வழியாக எடுக்கும் படம்தான் காட்டிக்கொடுக்கும்.

சர்க்கரை ஊரும் இறுகிய தோளும்

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி புதுச்சேரியில் 20 வயதைத் தாண்டியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கோவா 26.4. தமிழ்நாடு 14.4. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய 5 மடங்கு. இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஊரில் நாற்பது, ஐம்பது, அறுபதுகளில் இருக்கும் ஒருவருக்கு அடிபடாமலே தோள் இறுகினால் அது எதுவாக இருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. சர்க்கரை இருப்பதே தெரியாதவருக்கு இப்படி வந்தால் எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையைப் பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரையைத் தோளே முதலில் காட்டிக்கொடுப்பது அபூர்வமில்லை.

மருந்துச் சீட்டில் இதைப் ‘பெரி ஆர்த்ரைடிஸ்’ என்று எழுதுவார்கள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் துப்ளே 1872-ல் விவரித்தது அது. ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றவர் பாஸ்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் காட்மன், 1934-ல். உறை தடித்துச் சுருங்குவதுதான் கோளாறு என்று 1945-ல் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் நெவியாசர். துவைத்துச் சுருங்கிய ஜாக்கெட் கைக்குள் கையை நுழைத்தால் எப்படியோ அப்படி. ஆனால் சுருங்குவதற்கு முன்னால் உறையில் அழற்சி ஒன்று நடக்கிறது. எல்லாத் தவறும் அந்தக் கட்டத்தில்தான்.

முதல் கட்டத்தில் வலி முந்தி நிற்கும். சும்மா இருந்தாலும் வலி, ராத்திரியில் கூடுதல். சில மாதம் போகும். அடுத்தது இறுக்கம் முந்தி நிற்கும் கட்டம். வலி குறைந்து, கை மட்டும் நகராது. பிறகு மெல்ல இளகும். மொத்தம் ஒன்றிலிருந்து மூன்று வருஷம்வரை ஆகலாம். தானே சரியாகிவிடும் என்று சொல்வது பாதி உண்மை. பலருக்குக் கொஞ்சம் இறுக்கம் கடைசிவரை தங்கிவிடும்.

வலிக் கட்டத்தில் கையை இழுத்துப் ‘பூட்டை உடைக்க’ முயல்வது நம் ஊரில் சர்வசாதாரணம். நெதர்லாந்தில் டியர்க்ஸும் ஸ்டீவன்ஸும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் 77 பேர். ஒரு பிரிவினருக்கு வலியையும் தாண்டி இழுத்துத் தீவிரப் பயிற்சி. இன்னொரு பிரிவினருக்கு வலி வராத எல்லைக்குள் மட்டும் அசைவு. இரண்டு வருஷம் கழித்து, மென்மையாகக் கையாண்டவர்களில் 89 சதவீதம் பேர் நல்ல நிலையை எட்டியிருந்தார்கள். இழுத்தவர்களில் 63 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் கிளினிக்கில் தினமும் தெரிவதும் அதுவே. இழுத்த அன்று பத்து டிகிரி கூடும், அன்றிரவு தூக்கம் போகும், மறுநாள் பதினைந்து டிகிரி குறையும்.

அப்படியானால் முதல் கட்டத்தில் என்ன செய்வது? காட்மன் பயிற்சியைச் சரியாகச் செய்வது. மேஜையில் நல்ல கையை ஊன்றி, இடுப்பை மடக்கிக் குனிந்து, நோகிற கையைச் செத்த கைபோலத் தொங்கவிட வேண்டும். ஆடுவது உடம்பு, கை அல்ல. இடுப்பை முன்னும் பின்னும் அசைத்தால் கை தானாக ஊசலாடும். சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம் போதும். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிஷம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. பத்தில் எட்டுப் பேர் தோள் தசையைப் பிடித்துக்கொண்டு கையை வீசுகிறார்கள். அப்படி வீசினால் வலி கூடும், பலன் இல்லை. தூங்கும்போது மல்லாந்து படுத்து முழங்கைக்கு அடியில் மடித்த துண்டோ தலையணையோ வைத்தால், கை பின்னால் சரிந்து உறையை இழுப்பது நிற்கும். பாதித் தூக்கம் இதிலேயே திரும்பும்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி இந்தக் கட்டத்தில்தான் அதிகம் உதவும். சில வாரங்களுக்கு வலியைக் கணிசமாகக் குறைக்கும். அந்த இடைவெளியில் பயிற்சியை முன்னேற்றலாம். ஊசி என்றாலே பயப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். அந்த வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, மருந்து அளவை மாற்ற வேண்டுமா என்று சர்க்கரை பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே 300-ல் நிற்கிறவர் முதலில் அதை இறக்கட்டும்.

ராத்திரி வலி அடங்கி, இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகுதான் நீட்டும் பயிற்சி. ஒட்டடைக் கம்பு ஒன்று போதும். மல்லாந்து படுத்து, முழங்கைக்கு அடியில் நாலாக மடித்த துண்டு, முழங்கை விலாவோடு. இரண்டு கையிலும் கம்பைப் பிடித்து, நல்ல கையால் தள்ளி நோகிற கையை வெளிப்பக்கமாகச் சாய்த்து, இழுவிசை தெரியும் இடத்தில் 30 விநாடி நிறுத்த வேண்டும். 5 தடவை, நாளைக்கு 3 வேளை. முழங்கை விலாவைவிட்டு விலகினால் கணக்கில் சேராது. அடுத்தது மேஜைமேல் துணியை வைத்து, உட்கார்ந்தபடியே கையை முன்னால் வழுக்கிக்கொண்டு போவது. கையை முதுகுப் பின்னால் கொண்டுபோகும் பயிற்சி கடைசியில்தான். ஜாக்கெட் கொக்கிதான் முதல் குறை என்பதால் எல்லோரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள்; உறையை அதிகம் முறுக்குவதும், ஆறிய வலியைக் கிளப்புவதும் அதுதான். பத்து நிமிஷம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு நீட்டலாம். காலில் எரிச்சல், மரப்பு உள்ள சர்க்கரைக்காரர்கள் ஒத்தடச் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது.

அளவு தெரிந்துகொள்ள ஒரு விதி: நீட்டிய வலி அரை மணி நேரத்தில் அடங்க வேண்டும், அன்றைய தூக்கம் கெடக் கூடாது. கெட்டால் மறுநாள் பாதியாகக் குறைக்கவும். முன்னேற்றத்தை வாரம் ஒரு தடவை அளந்தால் போதும். சுவரில் பென்சில் கோடு, முதுகில் கட்டைவிரல் எட்டும் இடம். தினமும் அளந்தால் மனசு நொடிந்துவிடும்.

கப்பிக்கு இந்த இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் இடமுண்டு. தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, உடம்பைச் சாய்த்துக்கொண்டு இழுத்தால் கை உயர்ந்தது போலத் தெரியும். உயர்ந்தது முதுகுப் பக்கத்தில் தோளுக்குப் பின்னால் இருக்கும் சப்பை எலும்புதான். எதிரில் ஒரு கண்ணாடி இருந்தால் இது உடனே புரியும்.

மயக்கம் கொடுத்துக் கையை வளைத்து இறுக்கத்தை உடைப்பதா, துளை வழியாக உறையை வெட்டிவிடுவதா, ஊசியோடு பிசியோதெரபியா என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் யுகே ஃப்ராஸ்ட் ஆய்வு 2020-ல் பதில் தந்தது. 503 பேர், 35 மருத்துவமனைகள். ஒரு வருஷ முடிவில் மூன்று பிரிவினரின் நிலையிலும் நோயாளி உணரும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. அதனால் ஊசியும் பிசியோதெரபியும் முதலில். மாதக்கணக்கில் அசையாமல் நிற்பவர்களுக்கு மட்டும் அறுவை அறை.

ஓய்வு கெடுக்கும் தோள்

ரொட்டேட்டர் கஃப் என்பது மேற்கை எலும்பின் பந்துபோன்ற முனையைத் தோள் குழியின் நடுவில் பிடித்து வைத்திருக்கும் நான்கு தசைகள். வீராம்பட்டினத்தில் வலை இழுப்பவர், பெரிய மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுபவர், பண்ருட்டியில் பலாப்பழம் லாரிக்கு ஏற்றுபவர், விட்டத்துக்குப் பெயின்ட் அடிப்பவர் ஆகியோருக்கு வருவது பெரும்பாலும் இதுதான். வேலை திடீரென்று கூடியபோது வரும். சும்மா இருந்துவிட்டுத் திரும்பும்போதும் வரும். மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாசம் கரையில் இருந்த தோள் ஜூன் நடுவில் முதல் வலையை இழுக்கும்போது அதற்குத் தயாராக இருக்காது.

மேலே உள்ள எலும்பு தசைநாணை உரசுகிறது, அதைச் சீவிவிட்டால் சரியாகும் என்ற கருத்து 1972-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் எழுதியதிலிருந்து பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. 2018-ல் இரண்டு ஆய்வுகள் அதைச் சாய்த்தன. இங்கிலாந்தில் 313 பேரை வைத்துச் செய்த சீசா (CSAW) ஆய்வில், எலும்பைச் சீவியவர்களுக்கும், கருவியை உள்ளேவிட்டுப் பார்த்துவிட்டுச் சீவாமல் தைத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஃபின்லாந்தில் 210 பேரிடம் செய்த ஆய்விலும் அதே முடிவு. ஸ்கேன் படமும் பெரிய சாட்சி அல்ல. தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத, 40 முதல் 70 வயதுக்குள் இருந்த 51 ஆண்களுக்கு அல்ட்ராசவுண்டு எடுத்ததில் 96 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. ‘எம்ஆர்ஐ-ல கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு’ என்று கலங்கி வருகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் சிகிச்சையைத் தொடங்கவே கூடாது. அடிபடாமல் வந்த முழுக் கிழிவில்கூட, அமெரிக்காவின் மூன் (MOON) ஆய்வுக் குழு 452 பேரைப் பின்தொடர்ந்தபோது, பயிற்சி எடுத்தவர்களில் இரண்டு வருஷத்துக்குள் அறுவைக்குப் போனவர்கள் கால்வாசிக்கும் குறைவு.

இந்தத் தோளுக்கு மருந்து பாரம். தாங்கும் அளவில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: சுவரோரம் நின்று, முழங்கையை மடக்கி, புறங்கையால் சுவரை அழுத்துவது. கை நகரக் கூடாது. 30 முதல் 45 விநாடி, 5 தடவை, நாளைக்கு இரண்டு வேளை. முழுபலத்தோடு வேண்டாம், பாதி பலம். பிறகு நல்ல பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, மேலே இருக்கும் நோகிற கையின் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டு வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து முன்கையை மேலே தூக்குவது. ஏற ஒரு விநாடி, இறங்க மூன்று விநாடி. 10 முதல் 15 தடவை, 3 சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். மூன்று சுற்றும் 15 சுலபமாக வந்ததும் பாரத்தைக் கூட்ட வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ. அதிலேயே மணலை நிரப்பினால் ஒன்றரைக்கு மேல். தேராபேண்ட் ரப்பர் பட்டை வாங்கினால், இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுக்கும்போது மஞ்சள் சுமார் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6. பட்டையின் மாவு உதிர்ந்து ஓரத்தில் வெடிப்பு வந்தால் மாற்றிவிடவும். அறுந்து கண்ணில் அடிக்கும்.

மூன்றாவது, நின்றபடி கையைத் தூக்குவது. நேர் முன்னாலும் இல்லை, நேர் பக்கவாட்டிலும் இல்லை. பக்கவாட்டிலிருந்து 30 டிகிரி முன்னால், கட்டைவிரல் வானம் பார்த்து. முதலில் தோள் உயரம்வரை, பிறகு அதற்கு மேல்.

வலி வந்தால்? பத்துக்கு மூன்று நாலுவரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வர வேண்டும். வலியே கூடாது என்பவர் பாரத்தை ஏற்றவே மாட்டார். வலியைப் பொறுத்துக்கொண்டு தினமும் செய்பவருக்குத் தசைநாண் தேற நேரமே கிடைக்காது. இரண்டு பேரும் ஆறாவது வாரத்தில் ‘எக்சர்சைஸ் ஒண்ணும் பலிக்கல’ என்று நிறுத்துவார்கள். 12 வாரம் கொடுத்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

வேலைக்குத் திரும்புவதற்கும் படி உண்டு. அரை வாளித் தண்ணீரை இடுப்புவரை, முழு வாளியை இடுப்புவரை, அரை வாளியை மார்புவரை, கடைசியில்தான் தலைக்கு மேல். வலையில் நெஞ்சுக்குக் கீழே கை இருக்கும் இழுப்பு முதலில் வரட்டும். மூட்டையை எட்டித் தூக்குவதைவிட உடம்போடு அணைத்து முழங்காலால் எழுவது தோளுக்குப் பாதிப் பாரம் மிச்சம்.

கரண்ட் வைப்பது பற்றி: ஒலி அலை கொடுக்கும் அல்ட்ராசவுண்டு மெஷின், ஐஎஃப்டி என்னும் மின்னோட்டச் சிகிச்சை போன்றவை கொஞ்ச நேரம் இதமாக இருக்கலாம். பயிற்சியோடு சேர்த்தால் கூடுதல் பலன் உண்டு என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக, 2021-ல் வந்த கிராஸ்ப் ஆய்வைப் பாருங்கள். 708 பேர். ஒரு பிரிவினருக்கு 16 வாரத்தில் 6 அமர்வுகள்வரை. இன்னொரு பிரிவினருக்கு ஒரே ஒரு அமர்வு, அதிகபட்சம் ஒரு மணி நேரம், நன்றாக விளக்கி, பயிற்சியைச் செய்யவைத்துப் பார்த்து, கையேடு கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வருஷத்தில் இரண்டும் ஒன்றுதான். தினக்கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, பத்து நாள் கடலூருக்கு வந்துபோகும் ஒருவருக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை. அந்த ஒரு மணி நேரம் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். அதுதான் நம்மிடம் குறைவு.

காத்திருக்கக் கூடாதவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து, அன்றிலிருந்து கையே தூக்க முடியவில்லை என்றால் அது புதுக் கிழிவாக இருக்கலாம். ‘ஒரு மாசம் கட்டுப் போட்டுப் பார்க்கலாம்’ என்பது இங்கே பெரிய நஷ்டம். அறுந்த தசை மாதங்கள் போகப்போகச் சுருங்கிக் கொழுப்பாக மாறும். பிறகு தைத்தாலும் அந்தக் கொழுப்பு தசையாகத் திரும்பாது. தோள் இறங்கிவிட்டால் எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் இழுக்கக் கூடாது, எலும்பும் உடைந்திருக்கலாம். மேற்கையின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அளவு இடம் மரத்திருக்கிறதா என்று இழுப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும், அங்கே ஓடும் நரம்பு அடிபடும் இடம் அது. இருபதைத் தொட்ட பையன்களுக்கு மறுபடி மறுபடி இறங்கும் அபாயம் அதிகம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கூடவே தசைநாண் கிழிவதும், கட்டிலேயே வைத்தால் இறுகுவதும் அதிகம். அதனால் மூன்று வாரக் கட்டு எல்லா வயதுக்கும் பொருந்தாது.

இடது தோள் வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் பிசியோதெரபி வேண்டாம், நேரே அவசரப் பிரிவு. மூட்டு வீங்கிக் காய்ச்சல் அடித்தாலும் அன்றே போக வேண்டும்.

தசைநாணைத் தைத்த பிறகு கணக்கே வேறு. பொதுவாக 4 முதல் 6 வாரம் ஸ்லிங். விரல், மணிக்கட்டு, முழங்கை மட்டும் அசையலாம். தோளை மற்றவர் அசைப்பது தைத்த டாக்டர் சொன்ன தேதியில். தானே தூக்குவது 6 வாரத்துக்குப் பிறகு, பாரம் 12 வாரத்துக்குப் பிறகு, மூட்டை தூக்குவது 6 மாதம் கழித்து. கெடுவது பெரும்பாலும் ஐந்தாவது வாரத்தில். வலி போயிருக்கும், ஸ்லிங்கைக் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பார்கள், குடத்தைத் தூக்குவார்கள். வலி போவதற்கும் எலும்போடு தசைநாண் ஒட்டுவதற்கும் சம்பந்தமில்லை.

கப்பியை அறவே தொடக் கூடாத ஒரு தோள் உண்டு: பக்கவாதத்தில் விழுந்த கை. தசை பிடிமானம் இல்லாமல் பந்து குழியிலிருந்து கொஞ்சம் இறங்கியிருக்கும். கயிற்றால் மேலே இழுத்தால் சப்பை எலும்பு கூடவே திரும்பாது, நடுவில் இருக்கும் தசைநாண் நசுங்கும். 1990-ல் வெளியான 28 பேர் கொண்ட சிறிய ஆய்வில், கப்பியில் பயிற்சி எடுத்தவர்களில் 62 சதவீதம் பேருக்குத் தோள்வலி வந்தது. பிசியோதெரபிஸ்ட் கையால் அசைத்தவர்களில் 8 சதவீதம். வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் அந்தக் கையைப் பிடித்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்கி உட்காரவைக்கக் கூடாது. சப்பை எலும்பின் பின்னால் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. உட்கார்ந்திருக்கும்போது முன்கை தலையணைமேல் இருக்கட்டும், தொங்க வேண்டாம். சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில்.